காண்டிகையுரையும் கருவி விளக்கமும்: முகவர் நிரல்களுக்கான மென்பொருள் ஆவணங்கள் நன்னூல் பாயிரவியல் நோக்கில்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் கருவிகளை இயக்கும் பணி மனிதரோடு நில்லாது செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல்களுக்கும் பரவியுள்ளது. ஒரு கருவி எதற்குரியது, எந்நிலையில் தவிர்க்கத்தக்கது என்பவற்றை இந்நிரல்கள் அக்கருவிக்கென எழுதப்பட்ட விளக்கத்தைக் கொண்டே பெரிதும் அறிகின்றன. அவ்விளக்கங்களை ஒரு நூல்வகையாகக் கொண்டு, நன்னூல் பாயிரவியல் கூறும் நூற்குற்றம், நூலழகு, உரைவகை ஆகிய அளவுகோல்களால் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கிரெப், கிட், ஃபைண்ட் ஆகிய கருவிகளின் ஆவணங்களும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறையும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆசிரியர் உடனில்லாத வாசிப்புக்குச் சூத்திர வடிவில் எழுதுவதே இவ்விளக்கங்களின் அடிப்படைக் குறை என்பதும், முகவர் நிரலுக்கு ஏற்ற வடிவம் காண்டிகையுரை என்பதும் கட்டுரையின் முடிபுகளாகும்.

முதன்மைச் சொற்கள்: நன்னூல், பாயிரவியல், காண்டிகையுரை, கருவி விளக்கம், முகவர் நிரல், ஒருங்குறி, நூற்குற்றம்.

1. முன்னுரை

மென்பொருளோடு அதற்குரிய விளக்கத்தையும் எழுதி வைக்கும் மரபு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்பதிப்புக் கையேடு 1971 நவம்பர் 3 என்னும் நாளைத் தாங்கியது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், காண்க, பிழைகள் முதலிய தலைப்புகளில் செய்திகளைப் பகுத்துத் தரும் முறையை அது நிலைப்படுத்தியது. ஒரு படைப்பின் குறைகளைப் படைத்தோரே தனித்தலைப்பிட்டு எழுதிவைக்கும் வழக்கம் அக்கையேட்டின் சிறப்பு.

இத்தகைய ஆவணங்களின் வாசகர் அண்மைக்காலம் வரை மனிதராகவே இருந்தனர். பெரு மொழி மாதிரிகளின் வரவால் இந்நிலை மாறியுள்ளது. பயனர் இடும் பணியைத் தானே படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படிக்கும் உரிய கருவியைத் தெரிந்தெடுத்து இயக்கும் நிரல் இக்கட்டுரையில் முகவர் நிரல் எனச் சுட்டப்படுகிறது. சுவடி அட்டவணையைத் தேடுதல், மின்தொகுப்பில் சொல்லடைவு எடுத்தல், மெய்ப்புத் திருத்திய கோப்புகளைத் தொகுத்தல் முதலிய ஆய்வுப் பணிகளிலும் இந்நிரல்கள் பயன்படத் தொடங்கியுள்ளன. கருவி விளக்கத்தில் நேரும் பிழை இனி ஆய்வு முடிவின் பிழையாகவும் உருமாறக்கூடும். எனவே அவ்விளக்கங்களின் எழுத்துமுறை தமிழாய்வாளரும் கருதத்தக்க பொருளாகிறது.

2. கருவி விளக்கத்தின் இன்றைய வடிவம்

முகவர் நிரல் கருவியை நேரடியாகக் காண்பதில்லை. பணி தொடங்கும்போது கருவிகளின் பட்டியல் எழுத்துருவில் மொழி மாதிரிக்கு வழங்கப்படுகிறது. மாதிரி அதனை வாசித்து, தனக்கு வேண்டிய கருவியின் பெயரையும் உள்ளீடுகளையும் எழுதி வெளியிடுகிறது. அதனை ஏற்று வேறொரு நிரல் கருவியை இயக்கி, விளைவை மீண்டும் எழுத்தாகவே மாதிரியிடம் சேர்க்கிறது. தொடக்கம் முதல் இறுதிவரை இடையில் நிற்பது எழுத்து மட்டுமே.

இப்பரிமாற்றத்திற்குப் பொதுவடிவம் தரும் முயற்சிகளுள் பரவலானது, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறை. அதன்படி ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு ஆகியவை குறிக்கப்படும். இவற்றுள் பெயரும் உள்ளீட்டு அமைப்பும் கட்டாயமானவை; விளக்கம் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. உள்ளீடு எண்ணா, எழுத்துத்தொடரா, எது இன்றியமையாதது என்பவற்றை உள்ளீட்டு அமைப்பு வரையறுக்கும். வடிவம் சரியா என்று பொறி சோதிக்கவல்லது. பொருள் சரியா என்று சோதிக்க அதற்கு வழியில்லை. சோதிக்க இயலும் பகுதி கட்டாயமாகவும், சோதிக்க இயலாத பொருட்பகுதி விருப்பமாகவும் அமைந்தமை பொறியியல் நோக்கில் இயல்பே. ஆயினும் பொருளை உணர்த்தும் பொறுப்பு முழுவதும் அவ்விருப்பப் பகுதியின் மேலேயே விழுகிறது.

3. ஐந்து உறுப்புகளுள் எஞ்சியவை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் பாயிரவியலை வைக்கிறது. பொதுப்பாயிரம் என்பது நூலின் இயல்பு, ஆசிரியனின் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கனின் இயல்பு, பாடங்கேட்கும் முறை என ஐந்து உறுப்புகளை உடையது. நூல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. சொல்வோனும் கேட்போனும் கூடிய சூழலிலேயே அது முழுமை பெறுகிறது என்பது இப்பகுப்பின் உட்பொருள். நூல் சுருக்கமாக அமையலாம் என்பதற்கு இச்சூழலே காரணம். சூத்திரம் விட்டதை ஆசிரியன் நிரப்புவான். ஆசிரியன் விட்டதை மாணாக்கன் வினவுவான்.

மனிதருக்கென எழுதப்பட்ட மென்பொருள் ஆவணமும் இத்தகைய சூழலையே நம்பி இருந்தது. கையேட்டில் தெளிவில்லையெனில் பயனர் உடன்பணியாற்றுவோரை வினவினார்; ஒரு கோப்பில் சோதித்துப் பார்த்தார்; முன்பட்ட இழப்பை நினைவில் வைத்தார். முகவர் நிரலின் நிலை வேறு. ஐந்து உறுப்புகளுள் நூலும் கேட்போனும் மட்டுமே அங்கு எஞ்சுகின்றன. இருமுறை கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் உரைக்கும் திறன் வரும் என்னும் கருத்தில் பாடங்கேட்டலை நன்னூல் படிநிலைப்படுத்துகிறது. தனி நினைவேற்பாடு செய்யப்படாத முகவர் நிரலோ ஒவ்வொரு பணியிலும் விளக்கத்தை முதன்முறையாகவே வாசிக்கிறது. மாணாக்கர்க்கு உவமையாகும் இல்லிக்குடத்தின் இயல்பு இவ்வகையில் அதற்குப் பொருந்தும்.

வினாவைப் பொறுத்தும் ஒரு வேறுபாடு உண்டு. ஐயுறும் மாணாக்கன் தயங்குவான். முகவர் நிரல் பயனரை வினவ இயலும் எனினும், விளக்கத்தில் இடைவெளி இருப்பதாக அது உணர்ந்தால்தான் வினா எழும். பயிற்சியில் கண்ட பிற கருவிகளின் ஒப்புமையால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்டால், ஐயத்திற்கே இடமில்லாமற் போகிறது. செயல் உடனே நிகழ்ந்துவிடுகிறது. விளக்கத்தை வாசிப்பதற்கும் அதன்படி செயற்படுவதற்கும் இடையே மனிதரிடம் இருந்த கால இடைவெளி இங்கு மிகவும் சுருங்கியுள்ளது.

4. குற்றமும் அழகும்

நன்னூல் நூற்குற்றங்கள் பத்தையும் நூலழகுகள் பத்தையும் வகுக்கிறது. அவற்றுள் கருவி விளக்கத்தில் விளைவு மிகுந்தவை இங்கு ஆராயப்படுகின்றன.

4.1 குன்றக் கூறல்: இன்மையின் பொருள்

கிரெப் என்பது கோப்புகளில் சொற்கோலங்களைத் தேடும் யூனிக்ஸ் கட்டளை. இயங்கி முடித்ததும் அது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பொருந்தும் வரி கிடைத்தால் 0, கிடைக்காவிடில் 1, பிழை நேர்ந்தால் 2 என்பது அதன் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலான கட்டளைகளில் 0 அல்லாத எண் தோல்வியைக் குறிப்பதால் இத்தெளிவு தேவையாகிறது. கிரெப்பில் 1 என்பது தோல்வியன்று. 'தேடப்பட்டது, கிடைக்கவில்லை' என்னும் முறையான விடை. 2 என்பதோ தேடலே முறையாக நிறைவேறவில்லை என்பதன் அறிகுறி. இவ்விரண்டையும் பிரித்துரைத்தமை நல்ல ஆவணத்தின் இலக்கணம்.

'பதிவுகளைத் தேடும்' என்ற ஒரு தொடரோடு நின்றுவிடும் கருவி விளக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். அக்கருவி வெற்றுப்பட்டியலை விடையாகத் தந்தால் அதற்குப் பல பொருள் உண்டு: பதிவு இல்லை; பதிவு உண்டு, எழுத்துக்கூட்டல் வேறு; தரவுத்தளத்தோடு தொடர்பு அறுந்தது; அட்டவணையின் ஒரு பகுதியே மின்வடிவம் பெற்றுள்ளது. விளக்கம் இவற்றைப் பிரிக்காதபோது, 'இத்தலைப்பில் நூல் இல்லை' என முகவர் நிரல் முடிபுரைக்க இடமுண்டு. அம்முடிபு ஓர் ஆய்வேட்டின் முன்னாய்வு இயலில் இடம்பெற்றால், கருவியின் மௌனம் வரலாற்று உண்மையின் தோற்றம் கொள்ளும். குன்றக் கூறல் என்னும் குற்றம் சொல்லளவைப் பற்றியது மட்டுமன்று. எது சொல்லப்படாவிட்டால் வாசகர் தவறான முடிபுக்கு வருவாரோ அதைச் சொல்லாது விடுதலே அதன் சாரம்.

4.2 மயங்க வைத்தல்: ஒரு பெயர், இரு தொழில்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கிய கிட், கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள். அதன் 'செக்அவுட்' என்னும் கட்டளை, ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்கு மாறுவதற்கும், கோப்பைப் பழைய நிலைக்கு மீட்பதற்கும் பயன்பட்டு வந்தது. கிளை மாறும்போது உள்ளூர் மாற்றங்கள் அழியும் நிலை நேருமாயின் கிட் பொதுவாக மறுத்து நிற்கும். கோப்பை மீட்கும்போதோ, பதிவு செய்யப்படாத திருத்தங்களை வினவாமலே மேலெழுதிவிடும். காக்கும் தொழிலும் அழிக்கும் தொழிலும் ஒரே பெயரின் கீழ் அமைந்தன. 2019 ஆகஸ்டில் வெளிவந்த 2.23 பதிப்பில் 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என்னும் இரு கட்டளைகள் தனித்தனியே சேர்க்கப்பட்டன. பழைய கட்டளையும் நீடிக்கிறது.

இந்நிகழ்வு ஆவணத்தின் எல்லையை உணர்த்துகிறது. செக்அவுட்டின் கையேடு இருவகைத் தொழிலையும் விளக்கியே வந்தது. ஆயினும் பெயரிலேயே மயக்கம் உள்ள இடத்தில் விளக்கத்தால் மட்டும் அம்மயக்கம் தீர்வதில்லை. பெயரே விளக்கத்தின் முதற்சொல்; தொழில் இரண்டாயின் பெயரும் இரண்டாதல் வேண்டும்.

4.3 'எழுத்து' என்னும் சொல்லின் மயக்கம்

மயக்கம் தமிழ்த் தரவுகளில் மேலும் கூர்மை பெறுகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களால் ஆனது. யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் மொத்தம் 15 பைட். யூனிக்ஸின் டபிள்யூ.சி. கட்டளை ஒரு விருப்பக்குறியோடு 15 எனவும், மற்றொரு விருப்பக்குறியோடு, ஒருங்குறி அமைப்புள்ள சூழலில், 5 எனவும் எண்ணும். இவற்றுள் எதுவும் இலக்கண மரபின் 3 அன்று. ஆங்கில ஆவணங்களில் 'கேரக்டர்' எனப்படுவது பெரும்பாலும் குறியெண்ணே. தமிழில் அது 'எழுத்து' என்றே பெயர்க்கப்பட்டு விடுகிறது.

இதில் ஒரு நுட்பமான இடரும் உண்டு. 'தமிழ்' என்பதை ஒலியன்களாகப் பகுத்தாலும் த், அ, ம், இ, ழ் என ஐந்தே வரும். எண் ஒத்தமை தற்செயல். இச்சொல்லைக் கொண்டு கருவியைச் சோதிப்பவர், கருவி ஒலியன்களை எண்ணுகிறது என்று முடிவு செய்யக்கூடும். 'நன்னூல்' என்னும் சொல்லில் அவ்வொப்புமை குலைகிறது: எழுத்து 4, ஒலியன் 6, குறியெண் 7, பைட் 21. எடுத்துக்காட்டு ஒன்று மட்டும் போதாது, அது மயக்கத்தை நீக்கும் எடுத்துக்காட்டாகவும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று. விளங்குமாறு உதாரணம் காட்டுதலை நூலழகுகளுள் ஒன்றாக நன்னூல் எண்ணியதன் பொருத்தம் இங்குப் புலனாகும்.

கருவியின் உள்ளீட்டு அமைப்பில் நீள உச்சவரம்பு 5 எனக் குறித்தால், நான்கெழுத்துடைய 'நன்னூல்' ஏற்கப்படாமல் மறுக்கப்படும். ஜேசன் ஸ்கீமா என்னும் தரநிலை குறியெண்ணையே நீளமாகக் கொள்வதால் நேரும் விளைவு இது. சொல்நீளம், அடிநீளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு நடையாய்வு செய்வோர்க்கு இவ்வேறுபாடு அடிப்படையானது. 'எழுத்துகளை எண்ணும்' என்னும் கருவி விளக்கம் தமிழுக்குப் பொருளற்றது. எவ்வலகை எண்ணுகிறது என்பதே விளக்கம். தமிழ் எழுத்துகளாகவே பிரித்தெண்ணும் வசதி ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுதியில் உண்டு. ஆனால் அலகைக் குறிப்பிடாத விளக்கத்தை நம்பும் முகவர் நிரலுக்கு அத்தகைய கருவியை நாடவேண்டிய தேவையே தோன்றாது.

4.4 முறையின் வைப்பு

ஃபைண்ட் என்பது கோப்புகளைக் கண்டறியும் கட்டளை. அதற்குத் தரப்படும் நிபந்தனைகளும் செயல்களும் எழுதிய வரிசையிலேயே மதிப்பிடப்படும். பெயர் நிபந்தனையை முன்னும் அழிக்கும் செயலைப் பின்னும் வைத்தால், பொருந்தும் கோப்புகள் மட்டும் அழியும். வரிசை மாறின், நிபந்தனையைப் பார்க்குமுன்பே தொடங்கிய இடத்தின் கீழுள்ள அனைத்தையும் அது அழிக்க முயலும். இவ்வபாயத்தைக் குனு ஃபைண்ட் கையேடு வெளிப்படையாக எச்சரிக்கிறது.

எச்சரிக்கை எழுதப்பட்டதோடு, அழிக்கும் செயலை விளக்கும் இடத்திலேயே வைக்கப்பட்டமையும் கருதத்தக்கது. பொது எச்சரிக்கைகளை ஆவணத்தின் இறுதியில் திரட்டி வைத்திருந்தால், குறித்த செயலை மட்டும் தேடி வாசிப்போர் அதனைக் காணமாட்டார். நீண்ட ஆவணத்தின் ஒரு பகுதி மட்டுமே முகவர் நிரலுக்கு வழங்கப்படும் சூழலில் இது மேலும் பொருந்தும். செயலும் அதன் அபாயமும் ஒரே இடத்தில் நிற்றல் வேண்டும் என்பது முறையின் வைப்பு என்னும் அழகின் இன்றைய பொருளாகலாம்.

5. சூத்திரம், காண்டிகை, விருத்தி

மேற்கண்ட குறைகளுக்கு மருந்தாக எல்லாவற்றையும் விரித்தெழுதிவிடலாம் என்று தோன்றும். அவ்வழியும் குற்றத்திலேயே முடியும். மொழி மாதிரி ஒரே நேரத்தில் கருதக்கூடிய உரையின் அளவு வரம்புடையது. பல கருவிகளின் நெடிய விளக்கங்கள் அவ்வளவை நிரப்பினால் பயனரின் பணிக்குரிய இடம் குறையும். ஒத்த கருவிகளுக்கு இடையிலான வேறுபாடும் புதைந்துபோகும். மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்னும் குற்றங்கள் இவ்விடத்துக்கு உரியவை. கருவியை உருவாக்கிய வரலாறும் அதன் உள்ளமைப்புப் பெருமையும் விளக்கத்தில் இடம்பெறுதல் மற்றொன்று விரித்தலே.

சுருக்கத்திற்கும் விரிவிற்கும் இடையே ஒரு வடிவத்தை உரைமரபு வகுத்து வைத்துள்ளது. சூத்திரம் சிறிய வடிவில் பெரும்பொருளை அடக்குவது. காண்டிகையுரை கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றாலும், அவற்றோடு வினாவும் விடையும் சேர்த்தும் சூத்திரத்தின் உட்பொருளைத் தோற்றுவிப்பது. விருத்தியுரை அதனினும் விரிந்து, இன்றியமையாத பிற செய்திகளையும் சேர்த்து ஐயந்தீர உரைப்பது. நன்னூலுக்கே சங்கரநமச்சிவாயர் இயற்றிச் சிவஞான முனிவர் திருத்திய விருத்தியுரையும், ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையும் உள்ளமை இவ்வேறுபாடு நடைமுறையில் நிலைத்ததைக் காட்டும்.

இன்றைய கருவி விளக்கங்களுள் பல சூத்திரமாக எழுதப்படுகின்றன. முழுக்கையேடுகள் விருத்திக்கு நெருங்கியவை. முகவர் நிரல் பணியின் தொடக்கத்தில் வாசிக்கவேண்டியது காண்டிகை. ஒரு நூலக அட்டவணைத் தேடற்கருவி இருப்பதாகப் புனைந்துகொண்டு இதனை விளக்கலாம். 'நூலக அட்டவணையில் பதிவுகளைத் தேடும்' என்பது சூத்திரம். அதன் காண்டிகை பின்வருமாறு அமையலாம்:

கருத்து: அச்சு நூல்களின் அட்டவணைப் பதிவுகளை நூற்பெயராலோ ஆசிரியர் பெயராலோ தேடித் தரும். சுவடிகளுக்குரியதன்று, நூலின் உட்பொருளைத் தேடாது. பதிவுகளை வாசிக்கும், எதனையும் மாற்றாது.

பதப்பொருள்: 'ஆண்டு' என்பது ஆங்கில ஆண்டின் நான்கிலக்க எண். முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் உள்ள நூல்களுக்கு இப்புலம் வெறுமையாக இருக்கும். ஆண்டைக் கொண்டு தேடினால் அவை விடுபடும். 'ஆசிரியர்' என்பது தலையெழுத்து நீங்கிய பெயர்.

காட்டு: நூற்பெயர் 'நன்னூல்', ஆண்டு வெறுமை எனத் தந்தால், மூலமும் உரைகளும் உட்பட அச்சொல் இடம்பெறும் நூற்பெயர் அனைத்தும் வரும்.

வினாவிடை: விடைப்பட்டியல் வெறுமையாயின் அந்நூல் இல்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. வேறு எழுத்துக்கூட்டலில் மீண்டும் தேடுக. தொடர்பு அறுந்தால் வெற்றுப்பட்டியல் வாராது, பிழைச்செய்தி வரும்.

இவ்விளக்கம் நெடியதன்று. இதன் ஒவ்வொரு தொடரும் ஒரு தவறான முடிபைத் தடுக்கிறது. எது செய்யும் என்பதற்கு ஒரு தொடர் போதுமானது. எது செய்யாது, எந்தச் சொல் எப்பொருளில் ஆளப்படுகிறது, இன்மை எதை உணர்த்துகிறது என்பவற்றுக்கே எஞ்சிய இடம் செல்கிறது. சிறப்புப்பாயிரம் ஒரு நூலைப் பற்றிச் சொல்லவேண்டியவற்றுள் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றைச் சேர்த்திருப்பதும் இவ்விடத்து ஒப்பிடத்தக்கது. 'கேட்போர்' யார் என்பது நூலைப் பற்றிய செய்தியின் ஒரு பகுதி என்னும் தெளிவு அம்மரபில் உண்டு.

6. விளக்கம் ஆணையாகும் இடர்

காண்டிகையாக எழுதுவதால் மட்டும் தீராத இடர் ஒன்றும் உள்ளது. மனித வாசகர்க்கு ஆவணம் செய்தி. அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை. மொழி மாதிரிக்குப் பயனரின் கட்டளை, கருவியின் விளக்கம், கருவி தந்த விடை ஆகிய மூன்றும் ஒரே எழுத்தோட்டத்தில் வந்து சேர்கின்றன. செய்தியாக எழுதப்பட்டதற்கும் ஏவலாக எழுதப்பட்டதற்கும் இடையிலான வேறுபாட்டை அது எப்போதும் உறுதியாகக் காப்பதில்லை. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் இப்பலவீனத்தை விளக்கிக் காட்டியது. கருவியின் விளக்கத்தினுள் பயனர் காணாத வகையில் தீய ஏவல்களைப் பொதிந்து வைத்தால், முகவர் நிரல் அவற்றைப் பின்பற்றக்கூடும் என்பது அதன் சாரம். கருவியில் நஞ்சூட்டல் என்ற பொருள்தரும் பெயரால் அது சுட்டப்படுகிறது.

நெறிமுறை இவ்விடரை ஓரளவு எதிர்கொண்டுள்ளது. 2025 மார்ச்சுத் திருத்தத்தில், கருவி வாசிப்பதற்கு மட்டும் உரியதா, அழிவு விளைக்கக்கூடியதா, மீண்டும் இயக்கினால் கூடுதல் விளைவு உண்டா என்பன போன்ற குறிப்புகள் சேர்க்கப்பட்டன. இவை குறிப்புகளே, நம்பத்தக்க இடத்திலிருந்து வந்தாலன்றி நம்பலாகாது என்றும் நெறிமுறை கூறுகிறது. ஒன்றும் குறிக்கப்படாத கருவியை, வாசிப்பதோடு நில்லாததாகவும் அழிவு விளைக்கக்கூடியதாகவும் கொள்ளவேண்டும் என்பது அதன் இயல்புநிலை. சொல்லாமையை நன்மையாகக் கருதாது எச்சரிக்கையாகக் கருதும் இவ்விதி, குன்றக் கூறலால் விளையும் கேட்டைக் குறைப்பதாகும். விளக்கத்தை விருப்பத்திற்கு விட்ட அதே நெறிமுறை, விளக்கமின்மைக்கு ஒரு பொருளையும் வகுத்திருப்பது பாராட்டத்தக்கது.

இதிலிருந்து எழுதுவோர்க்கும் ஒரு நெறி பெறப்படுகிறது. கருவி விளக்கம் தன் கருவியைப் பற்றியே பேசவேண்டும். பிற கருவிகளைத் தவிர்க்குமாறும் தன்னையே முதலில் அழைக்குமாறும் கட்டளையிடும் விளக்கம், தீய நோக்கமற்றதாயினும், விளக்கம் என்னும் எல்லையைக் கடந்ததாகும்.

7. மறுப்புகளும் வரம்பும்

மூன்று மறுப்புகள் இங்கு எழக்கூடும். மாதிரிகள் திறன் பெறுந்தோறும் குறைபட்ட விளக்கத்தையும் சரியாக உணரும் என்பது முதல் மறுப்பு. ஊகிக்கும் திறன் வளரலாம். ஆனால் எழுதப்படாத செய்தி ஊகத்தால் கிடைக்கும்போது அது பெரும்பான்மை வழக்கைச் சார்ந்தே கிடைக்கும். கிரெப்பின் 1 போன்று வழக்கிலிருந்து விலகிய இடங்களிலேயே ஆவணம் தேவைப்படுகிறது.

கருவியின் மூலநிரலையே முகவர் நிரல் வாசிக்கலாம் என்பது இரண்டாம் மறுப்பு. மூலநிரல் கிடைக்கும் இடத்தில் இது உதவும். ஆயினும் கருவி என்ன செய்கிறது என்பதையே நிரல் காட்டும். என்ன செய்யக் கருதப்பட்டது என்பதை அது காட்டாது. வெற்றுப்பட்டியல் பிழையா, விடையா என்னும் வினாவுக்குக் கருத்தை அறிந்தோரே விடை கூற இயலும்.

இலக்கண நூலுக்கு வகுத்த அளவுகோலை மென்பொருளுக்குப் பொருத்துதல் வலிந்து கோடல் என்பது மூன்றாம் மறுப்பு. நன்னூலார் கணிப்பொறியை முன்கண்டார் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கற்பிக்கும் எழுத்து எங்குத் தவறும் என்று பாயிரவியல் வினவியது. அதே வினா இன்று வேறொரு கேட்போனை முன்னிட்டு எழுந்துள்ளது. வினா ஒன்றாதலால் கலைச்சொற்கள் பயன்படுகின்றன. விடைகள் அவ்வத் துறைக்கே உரியவை. மேலும், இக்கட்டுரை ஆவணங்களை நூல்களாகக் கொண்டு மதிப்பிட்டதேயன்றி, முகவர் நிரல்களின் வெற்றி விழுக்காட்டை அளந்ததன்று. அவ்வளவை தனி ஆய்வுக்குரியது.

8. முடிவுரை

ஆசிரியனும் பாடஞ்சொல்லும் முறையும் இல்லாத நிலையில் முகவர் நிரல் கருவி விளக்கத்தை வாசிக்கிறது. சூத்திரச் சுருக்கம் அச்சூழலுக்குப் பொருந்தாது. கருவியின் எல்லையைக் கூறாமை, இன்மையின் பொருளைப் பிரித்துரையாமை, அலகைச் சுட்டாது 'எழுத்து' போன்ற சொற்களை ஆளுதல், செயலையும் அபாயத்தையும் பிரித்து வைத்தல் ஆகியவை விளைவு மிகுந்த குற்றங்கள். கருத்து, பதப்பொருள், காட்டு, வினாவிடை என்னும் காண்டிகை உறுப்புகள் இவற்றைப் பெரிதும் நீக்கவல்லவை. பெயரிலேயே மயக்கமுள்ள கருவியையும், விளக்கத்தையே ஆணையாக்கும் தீய நோக்கையும் உரையால் மட்டும் சீர்செய்ய இயலாது.

தமிழ்த் தரவுகளுக்கான கருவிகளை உருவாக்குவோரும், அவற்றைத் துறைகளில் பயன்படுத்துவோரும் இரண்டு வினாக்களை முதலில் எழுப்புதல் நலம்: இக்கருவி எதை ஓர் எழுத்து என எண்ணுகிறது? இது ஒன்றும் தாராதபோது எதனைச் சொல்கிறது? இவற்றுக்கு விளக்கத்திலேயே விடை இல்லையெனில், அக்கருவியின் வழி முகவர் நிரல் பெற்றுத் தரும் எண்ணிக்கையும் இன்மையும் ஆய்வேட்டில் சான்றாக வைக்கத்தக்கவை அல்ல.